கொல்லிமலைக்கு எப்போது ஓட்டு வந்தது? சுப்பராயனின் வாழ்க்கை சொல்லும் தொகுதிக் கதை

நாமக்கல் மக்களவைத் தொகுதியின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மேற்கே காவிரிக் கரை. நடுவில் விசைத்தறியும் ரிக் வண்டியும் ஓடும் திருச்செங்கோடு, முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல். கிழக்கே, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் கொல்லிமலை. காவிரிக் கரையில் இருப்பவரும், மலை உச்சியில் மிளகுக் கொடி ஏற்றுபவரும் ஒரே எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

இது இன்றைய நிலைமை. நூறு வருஷம் பின்னால் போனால், இந்த மண்ணிலிருந்து சட்டசபைக்குப் போன ஒருவருக்கு ஓட்டுப் போடும் உரிமை மிகச் சிலருக்கு மட்டுமே இருந்தது. அவர் டாக்டர் பி. சுப்பராயன். குமாரமங்கலம் ஜமீன்தார், சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி, மத்திய அமைச்சர், ஆளுநர் என்று பல பதவிகளில் இருந்தவர். அவருடைய 73 வருஷ வாழ்க்கையில், தொகுதி என்ற சொல்லுக்கான அர்த்தம் மூன்று முறை மாறியது. அந்த மூன்று மாற்றங்களையும் பார்த்தால்தான், கொல்லிமலையின் ஓட்டு இன்று எங்கே நிற்கிறது என்பது புரியும்.

யார் இந்த சுப்பராயன்?

பரமசிவ சுப்பராயன் 1889 செப்டம்பர் 11-ல் பிறந்தார். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது. எல்லாமே சேலம் மாவட்டம். குடும்பம் திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், பிறகு இங்கிலாந்து போய் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தார்.

அவருடைய கல்யாணமே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கொங்கு வேளாளக் கவுண்டர் ஜமீன் வீட்டுப் பையன், மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வத பிராமணக் குடும்பத்துப் பெண்ணான ராதாபாயை மணந்தார். ராதாபாயின் அப்பா குட்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காக உழைத்த சீர்திருத்தவாதி. இந்த ராதாபாய் பின்னால் இந்தக் கதையில் முக்கியமான இடத்துக்கு வருகிறார்.

முதல் தொகுதி: ஜமீன்தார்களுக்கு மட்டும்

1919-ம் வருஷச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் சட்டமன்ற மேலவை அமைக்கப்பட்டது. மொத்தம் 132 உறுப்பினர்கள். அதில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 34 பேர் நியமனம். தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களிலும் பல வகை. பொதுத் தொகுதிகள் தனி, முஸ்லிம்களுக்குத் தனி, வியாபாரிகளுக்குத் தனி, பல்கலைக்கழகத்துக்குத் தனி, ஜமீன்தார்களுக்குத் தனி.

சுப்பராயன் உள்ளே போனது ஜமீன்தார் தொகுதி வழியாக. அந்தத் தொகுதிக்கு மலை, ஆறு, ஊர் என்று எதுவும் கணக்கில்லை. பெரிய நிலம் வைத்திருப்பவர்கள்தான் வாக்காளர்கள். எங்கே வாழ்கிறாய் என்பதைவிட எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பதே தொகுதியைத் தீர்மானித்தது.

சரி, பொதுத் தொகுதிகளில் எல்லாருக்கும் ஓட்டு இருந்ததா? அதுவும் இல்லை. குறிப்பிட்ட அளவு வரி கட்டுபவர், குறிப்பிட்ட மதிப்புக்கு நிலமோ வீடோ வைத்திருப்பவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். 1920 தேர்தலின்போது சுமார் 4 கோடி பேர் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் 12 லட்சத்துச் சொச்சம். நூற்றுக்கு மூன்று பேர்.

அப்போ கொல்லிமலை? மலையில் சாமையும் தினையும் ராகியும் விதைத்துச் சாப்பிட்டு, சந்தைக்கு நடந்தே இறங்கி ஏறிய குடியானவர்களில் பெரும்பாலோர் அந்த மூன்று பேரில் வரவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைய இரட்டை ஆட்சி முறையில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள்தான் மந்திரிகளிடம் கொடுக்கப்பட்டன. போலீஸ், நிதி, நிலவரி, காடு எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டவை. மலைவாசிக்கு தினசரி வாழ்க்கையில் முட்டுகிற துறை காடுதான். எந்த மரத்தை வெட்டலாம், எங்கே மாடு மேய்க்கலாம், எங்கே விதைக்கலாம் என்பதை வனத்துறை சொன்னது. அந்தத் துறை பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் தேர்தலில் ஜெயித்து வந்த மந்திரிக்கே இல்லை. ஓட்டு இருந்திருந்தாலும் மலைக்குப் பெரிய பலன் இருந்திருக்காது என்பதுதான் நிஜம்.

கட்சி இல்லாத முதல் மந்திரி

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பிடித்தது. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சிக்குக் கிடைத்தது 21. பெரிய கட்சி சுயராஜ்யக் கட்சிதான். ஆனால் இரட்டை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. நீதிக்கட்சிக்கோ எண்ணிக்கை இல்லை. கவர்னர் கோஷன், சுயேச்சை உறுப்பினர்களின் பக்கம் திரும்பினார். 37 வயது சுப்பராயன் 1926 டிசம்பர் 4-ல் முதல் மந்திரி ஆனார். நியமன உறுப்பினர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

கட்சி இல்லாமல், கவர்னர் தயவில் நடக்கும் ஆட்சி என்ற விமர்சனம் அப்போதே வந்தது. அதில் உண்மையும் இருந்தது. 1928-ல் சைமன் கமிஷன் விவகாரம் வெடித்தபோது, அவருடைய இரண்டு சக மந்திரிகளான ஏ. ரங்கநாத முதலியாரும் ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியாரும் விலகிவிட்டார்கள். அந்த இடங்களுக்கு எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் அய்யரும் வந்தார்கள். நீதிக்கட்சியின் ஆதரவோடு ஆட்சி நீடித்தது.

ஆனால் அந்த நாலு வருஷத்தில் நடந்தவை இன்றும் பேசப்படுகின்றன. அரசு வேலைகளில் வகுப்புவாரிப் பங்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசாணை, முத்தையா முதலியாரின் முயற்சியில் இந்த ஆட்சிக் காலத்தில்தான் அமலானது. இன்றைய இட ஒதுக்கீட்டின் வேர் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேலவையின் துணைத் தலைவராக இருந்ததும், தேவதாசி முறைக்கு எதிரான சட்ட முயற்சியை முன்னெடுத்ததும் இதே காலத்தில்தான்.

1930 தேர்தலில் நீதிக்கட்சி திரும்பி வந்தது. அக்டோபர் 27-ல் முனுசாமி நாயுடு முதல் மந்திரி ஆனார். சுப்பராயன் எதிர் வரிசைக்குப் போனார்.

வீட்டுக்குள் நடந்த ஓட்டுரிமை விவாதம்

இங்கேதான் ராதாபாய் வருகிறார். 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்ட இருவரில் ஒருவர் அவர். இன்னொருவர் பேகம் ஷா நவாஸ். அடுத்து, யாருக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுக்கலாம் என்று ஆராய 1932-ல் லோதியன் தலைமையில் அமைந்த குழுவிலும் ராதாபாய் உறுப்பினர்.

அன்று பெண்கள் அமைப்புகளுக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் ஓட்டு வேண்டும், பெண்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்பது ஒரு தரப்பு. ராதாபாய் வேறு மாதிரி யோசித்தார். பொதுப் போட்டியில் பெண்களை நிறுத்தினால் ஜெயிக்க விடமாட்டார்கள், ஆரம்பத்திலாவது சில இடங்களை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கோடு ஒரே இடத்திலிருந்து தொடங்காத ஓட்டப்பந்தயத்தில் சமமாக ஓடு என்று சொல்வது நியாயமா என்ற கேள்விதான் அது. பின்னாளில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகளுக்கும் அடிப்படை இதே கேள்வி.

1938-ல் ராதாபாய் மத்திய சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்வானார். அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

இந்தப் பக்கம் சுப்பராயன் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக வழி செய்யும் மசோதாவை 1932-ல் சென்னை மேலவையில் கொண்டுவர முயன்றார். குருவாயூர் கோயில் நுழைவுக்காக காந்தி உண்ணாவிரதம் அறிவித்திருந்த நேரம். நாடே இந்த மசோதாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்துவிட்டார்.

இரண்டாவது தொகுதி: ஊர் வந்தது, எல்லாரும் வரவில்லை

சுப்பராயன் காங்கிரஸில் சேர்ந்தார். சேலம் மாவட்டத்தில் காங்கிரஸ் என்றால் ராஜாஜி. 1925-லேயே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதரையும் மதுவிலக்கையும் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர் அவர்.

1935 சட்டம் ஓட்டுரிமையை விரித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 70 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை சுமார் 3 கோடியாக உயர்ந்தது. ஆனாலும் பெரும்பான்மை மக்கள் வெளியேதான் நின்றார்கள். சென்னை மாகாண சட்டப்பேரவைக்கு 215 இடங்கள். அதில் பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. ஜமீன்தார்களுக்கு 6. இன்றைய ஆந்திரக் கடற்கரையிலிருந்து மலபார் வரை விரிந்த மாகாணத்தில், எல்லா மலைகளுக்கும் காடுகளுக்கும் சேர்த்து ஒரு நாற்காலி.

1937-ல் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் சுப்பராயன் சட்டம், கல்வி அமைச்சர். அந்த வருஷம் அக்டோபர் 1-ல் மதுவிலக்கு முதலில் அமலான மாவட்டம் சேலம். அவருடைய கல்வித் துறையில்தான் அடுத்த பெரிய புயல். பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற முடிவுக்கு எதிராக 1938-ல் மாகாணமே கொந்தளித்தது. பெரியார் சிறைக்குப் போனார். 1939-ல் அமைச்சரவை ராஜினாமா செய்தது. 1940-ல் இந்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. 1955-ல் மத்திய அரசு அமைத்த ஆட்சிமொழி ஆணையத்தில் சுப்பராயனும் உறுப்பினர். ஆணையத்தின் பெரும்பான்மை இந்திக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தபோது, எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதிய இருவர் வங்காளத்தின் சுநிதி குமார் சாட்டர்ஜியும் சுப்பராயனும்தான். இந்தியைக் கொண்டுவந்த அமைச்சரவையின் கல்வி அமைச்சர், 20 வருஷத்துக்குள் எதிர்ப் பக்கம் வந்து நின்றார்.

ஒரே வீட்டில் எத்தனை கட்சி!

1947-ல் ஓ.பி. ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் சுப்பராயன் உள்துறை அமைச்சர். சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகப் பார்த்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிக்கப்பட்டது அந்த வருஷம்தான்.

அதே காலத்தில் அரசு கம்யூனிஸ்ட்களைக் கடுமையாக ஒடுக்கியது. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட்கள்! மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலமோ ராணுவ அதிகாரி. 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தவர். மோகன் பிற்பாடு காங்கிரஸுக்கு வந்து, இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தபோது 1973 மே 31-ல் விமான விபத்தில் இறந்தார். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸிலும் பிறகு பா.ஜ.க.விலும் எம்.பி., மத்திய அமைச்சர்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இதே சுப்பராயன்தான்.

மூன்றாவது தொகுதி: எல்லாரும் வந்தார்கள்

அரசியல் நிர்ணய சபையிலும் சுப்பராயன் உறுப்பினராக இருந்தார். அந்தச் சபை எடுத்த மிகப் பெரிய முடிவு, வயது வந்த அனைவருக்கும் ஓட்டு. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், வரி ரசீது வேண்டாம். அன்று 21 வயது ஆகியிருந்தால் போதும். 1989-லிருந்து 18.

நாடு முழுக்க 17 கோடிக்கும் மேலான வாக்காளர்கள். முதல் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, அதில் அவர் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போடலாம். வாழ்நாள் முழுக்க யாரும் கருத்துக் கேட்காத மலைவாசிக்கும், ஜமீன் மாளிகையில் இருப்பவருக்கும் அன்று கையில் இருந்தது ஒரே ஒரு சீட்டு.

விளைவு என்ன? 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152. திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியும் காங்கிரஸ் கையில் விழவில்லை. எஸ்.கே. பேபி என்கிற கந்தசாமி, சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஜமீன் செல்வாக்கும் காங்கிரஸ் பெயரும் தன்னால் ஓட்டாக மாறாது என்பதை அந்தத் தொகுதி முதல் தேர்தலிலேயே காட்டிவிட்டது.

இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதராக 1949 முதல் 1951 வரை இருந்துவிட்டுத் திரும்பியிருந்த சுப்பராயன், 1954-ல் மாநிலங்களவைக்குத்தான் போனார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மக்களவைக்கு அனுப்பியது 1957-ல். திருச்செங்கோடு தொகுதி, காங்கிரஸ் வேட்பாளர். அப்போது அவருக்கு 67 வயது. சட்டமன்றத்தில் கால் வைத்து ஏறத்தாழ 35 வருஷம் கழித்து, ஜமீன்தாரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நின்று போட்ட ஓட்டில் அவர் மக்களவைக்குப் போனார்.

அந்த மக்களவையில் இன்னொரு சுவாரஸ்யம். கோயம்புத்தூரிலிருந்து கம்யூனிஸ்ட் எம்.பி.யாக வந்தவர் பார்வதி கிருஷ்ணன். சுப்பராயனின் மகள். அப்பா ஆளுங்கட்சி, மகள் எதிர்க்கட்சி, பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள்.

1959 முதல் 1962 வரை நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநர். ஆறு மாதம்கூட முடியவில்லை. அக்டோபர் 6-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

தொகுதி அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதே மூன்றாவது மக்களவையில் திருச்செங்கோட்டின் உறுப்பினராக தி.மு.க.வின் எஸ். கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். 1967-ல் அங்கே ஜெயித்தவர் தி.மு.க.வின் க. அன்பழகன். 1998-ல் அ.தி.மு.க. சார்பில் எடப்பாடி பழனிசாமி, 2004-ல் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2008 மறுவரையறையில் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியே வரைபடத்திலிருந்து மறைந்தது.

கோடுகள் நகர்ந்த கதை

தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 6 சட்டமன்றத் தொகுதிகள். 39-ஐ 6-ஆல் பெருக்கினால் 234. கணக்கு சிம்பிள். ஆனால் எந்த ஆறு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2008-க்கு முன் கொல்லிமலை இருந்தது ராசிபுரம் மக்களவைத் தொகுதியில். ஆத்தூர், தலைவாசல் பக்கமெல்லாம் அதில் சேர்ந்திருந்தன. மறுவரையறையில் ராசிபுரம், திருச்செங்கோடு என்ற இரண்டு மக்களவைத் தொகுதிகளும் போய், நாமக்கல் வந்தது. சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு ஆகிய ஆறும் அதன் பகுதிகள்.

இதிலும் வேடிக்கை உண்டு. சங்ககிரி இருப்பது சேலம் மாவட்டத்தில், ஓட்டு நாமக்கல் எம்.பி.க்கு. குமாரபாளையம் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில், ஓட்டு ஈரோடு எம்.பி.க்கு. மாவட்ட எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1-ல்.

புதிய தொகுதியில் 2009-ல் தி.மு.க.வின் காந்திசெல்வன், 2014-ல் அ.தி.மு.க.வின் பி.ஆர். சுந்தரம் ஜெயித்தார்கள். 2019-ல் ஏ.கே.பி. சின்ராஜ், 2024-ல் வி.எஸ். மாதேஸ்வரன். கடைசி இருவரும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர்கள், நின்றது உதயசூரியன் சின்னத்தில்.

கொல்லிமலையின் ஓட்டு: கையில் இருக்கிறது, எடை எவ்வளவு?

கொல்லிமலை 14 ஊராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. பெயர்களே ஒரு பழைய நிர்வாகத்தின் தடயம்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று பெரும்பாலும் நாடு நாடாகத்தான் போகும். சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரி ஆண்டதாகச் சொல்லப்படும் மலை இதுதான். ஆடி மாதம் செம்மேட்டில் அவருக்கு அரசு விழாவே நடக்கிறது.

மக்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆளுபவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழ்தான். பலர் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கும். கொங்கு வேளாளக் கவுண்டருக்கும் இவர்களுக்கும் அந்தச் சொல்லைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

மலையும் அடிவாரமும் சேர்ந்ததுதான் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்படி இருப்பவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2008-க்கு முன் பச்சைமலைப் பக்கம் உப்பிலியபுரமும் இருந்தது. மறுவரையறையில் அது போய்விட்டது.

ஏன் இரண்டு மட்டும்? மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் எத்தனை சதவீதமோ, அதே விகிதத்தில் இடங்கள். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அவர்கள் சுமார் 1.04 சதவீதம். 234 இடங்களில் அந்த விகிதம் 2.4. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தள்ளினால் 2. எந்த இரண்டு என்றால், பழங்குடியினர் விகிதம் அதிகம் இருக்கும் இடங்கள். மக்களவையில் தமிழ்நாட்டுக்குப் பழங்குடித் தனித் தொகுதி ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனித் தொகுதி என்றால் வேட்பாளர்தான் பழங்குடியினராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவது எல்லாரும். சேந்தமங்கலம் தொகுதியில் வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் மேல். கொல்லிமலையின் மொத்த ஜனத்தொகையே 2011-ல் சுமார் 40 ஆயிரம்தான். சேந்தமங்கலம், எருமப்பட்டி, காளப்பநாயக்கன்பட்டி என்று சமவெளியில் இருக்கும் ஊர்களின் ஓட்டுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 2011-ல் தே.மு.தி.க., 2016-ல் அ.தி.மு.க., 2021-ல் தி.மு.க. என்று தொடர்ந்து மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகள் ஜெயித்த தொகுதி இது. யார் ஜெயித்தாலும் சட்டசபைக்குப் போவது ஒரு பழங்குடி உறுப்பினர் என்பது உறுதி. அவர் மலையின் குரலாக இருப்பாரா என்பது அடிவாரத்து ஓட்டையும் கட்சித் தலைமையையும் பொறுத்தது.

கோடு அடையாளத்தையே மாற்றுவதும் உண்டு. மலையாளி என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் இருப்பது மாவட்டம் குறிப்பிட்டுத்தான். தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கொல்லிமலை பழைய சேலம் மாவட்டம், அதனால் உள்ளே. பழைய கோவை மாவட்டமாக இருந்து இப்போது ஈரோட்டில் இருக்கும் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் வெளியே. தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே மாதிரி மலை வாழ்க்கை. இடையில் இருப்பது பிரிட்டிஷ் காலத்து மாவட்டக் கோடு.

இப்போது இது ஏன் முக்கியம்?

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின்படி உறைந்து நிற்கிறது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை இந்த நிலை தொடரும் என்பது 2002-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம். தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்ற விவாதம் அதனால்தான் சூடாக இருக்கிறது. அந்தச் சத்தத்தில் கொல்லிமலை மாதிரியான இடங்களின் கேள்வி காணாமல் போகக் கூடாது. மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது ஒரு கேள்வி. மாநிலத்துக்குள் கோடு எங்கே விழும் என்பது இன்னொன்று. உப்பிலியபுரம் போன மாதிரி ஒரு தொகுதி போகலாம். பழங்குடியினர் விகிதம் கூடியிருந்தால் ஒன்று திரும்ப வரலாம். 2011-ல் அது 1.1 சதவீதம்.

மறுவரையறை ஆணையம் இறுதியாக வெளியிடும் எல்லைகளை எதிர்த்து வழக்குப் போட்டு மாற்றுவது மிகக் கடினம். அரசியல் சட்டமே அந்த விஷயத்தில் நீதிமன்றத்துக்கு வேலி போட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வரைவு வெளியாகும், ஆட்சேபணை கேட்கப்படும், பொதுக் கூட்டங்கள் நடக்கும். ஊராட்சியிலிருந்து ஒரு மனு போகலாம். எந்தப் பகுதி எந்தத் தொகுதியோடு சேர வேண்டும் என்று காரணத்தோடு சொல்லலாம்.

சுப்பராயனின் முதல் தொகுதியில் நிலம் ஓட்டுப் போட்டது. இரண்டாவது கட்டத்தில் வரி ரசீது ஓட்டுப் போட்டது. மூன்றாவதில்தான் மனிதர்கள் வந்தார்கள். இந்த மூன்றும் ஒரே ஆயுளுக்குள் நடந்தவை. ஒவ்வொரு முறையும் விதியை எழுதிய மேஜையில் மலையிலிருந்து யாரும் இல்லை. அடுத்த முறை கோடு போடும்போது, மனுக் கொடுக்கும் வரிசையிலாவது வளப்பூர் நாட்டிலிருந்தும் அரியூர் நாட்டிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும்.